பத்துப் பேர் நூறு பேராகும்போது: டீமையும் சாஃப்ட்வேரையும் சேர்த்தே பிரிப்பது எப்படி?

எட்டுப் பேர் இருந்தபோது வாரத்துக்கு மூன்று ரிலீஸ் விட்டுக்கொண்டிருந்த நிறுவனம், நாற்பது பேரானதும் மாதத்துக்கு ஒன்றுக்கே திணறும். சாஃப்ட்வேர் துறையில் சில வருடம் இருந்தவர்கள் இதை எங்காவது பார்த்திருப்பார்கள். ஆட்கள் திறமையானவர்கள்தான், யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஆனாலும் எந்த வேலையை எடுத்தாலும் அது பாதி வழியில் இன்னொரு டீமின் வரிசையில் போய் நிற்கிறது.

இந்த நிலை வந்ததும் எஞ்சினியர்கள் "மைக்ரோசர்வீஸுக்குப் போய்விடலாம்" என்பார்கள், அதாவது ஒரே சாஃப்ட்வேரைத் தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன சர்வீஸ்களாக உடைப்பது. நிர்வாகம் "டீம்களை மாற்றி அமைக்கலாம்" என்று சொல்லும். இரண்டும் வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு நேரத்தில் நடக்கும். பெரும்பாலும் தவறு அங்கேதான் தொடங்குகிறது. டீமின் எல்லையும் சாஃப்ட்வேரின் எல்லையும் ஒரே கோட்டில் விழ வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை, இப்போது வேலைகள் எங்கே காத்துக்கிடக்கின்றன என்பதிலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

சுமார் பத்து எஞ்சினியரிலிருந்து நூற்றைம்பது பேர் வரை வளரும் நிறுவனங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பத்துப் பேருக்குள் இருக்கிறீர்கள் என்றால் எதையும் பிரிக்க வேண்டாம். ஒரே டீம், ஒரே கோட்பேஸ் (மொத்த நிரல் தொகுப்பு), ஒரே டேட்டாபேஸ் போதும்.

அடிப்படையாக இரண்டு விஷயங்கள்

கணினி விஞ்ஞானி மெல்வின் கான்வே 1968-இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சொல்கிறார். எட்டுப் பேரிடம், கோபால் (COBOL), அல்கால் (ALGOL) என்ற இரண்டு கணினி மொழிகளுக்கு ஆளுக்கொரு கம்பைலர் (அந்த மொழியில் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் சாஃப்ட்வேர்) செய்யும் வேலை வந்தது. கோபாலுக்கு ஐந்து பேர், அல்காலுக்கு மூன்று பேர் என்று பிரித்தார்கள். கடைசியில் கோபால் கம்பைலர் ஐந்து கட்டங்களாக ஓடியது, அல்கால் கம்பைலர் மூன்று கட்டங்களாக ஓடியது. எத்தனை கட்டம் வேண்டும் என்பதை ஆட்களின் எண்ணிக்கையே முடிவுசெய்துவிட்டது. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்த அமைப்பே அது செய்யும் சாஃப்ட்வேரிலும் வந்துவிடும் என்றார் கான்வே. இன்று கான்வே விதி என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, ஐபிஎம்மில் ஓஎஸ் 360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இல் சொன்ன கணக்கு. ஐந்து பேருக்குள் 10 தொடர்புகள்தான் இருக்க முடியும். பத்துப் பேருக்குள் 45. ஐம்பது பேருக்குள் 1,225. எல்லோரும் எல்லோரோடும் பேசியாக வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை, புதிதாக ஆள் எடுப்பதால் வேகம் கூடாது. அதனால் டீம் பிரிப்பதன் நோக்கம், பேச வேண்டிய அவசியத்தைச் சில இடங்களில் இல்லாமல் செய்வதுதான்.

படி 1: காத்திருப்பை அளந்து பாருங்கள்

கட்டடத் தூண் மாதிரி பெட்டிகள் போட்ட ஆர்க்கிடெக்சர் படத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கடந்த மூன்று மாதத்தில் பயனர் கைக்குப் போய்ச் சேர்ந்த மாற்றங்களில் முப்பதை எடுங்கள். சின்ன பக் திருத்தங்கள் வேண்டாம், வாடிக்கையாளரோ பிசினஸ் ஆட்களோ கேட்டு வாங்கிய மாற்றங்களாக இருக்கட்டும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: வேலை தொடங்கிய தேதி, பயனருக்குப் போன தேதி, அதில் யாராவது உண்மையிலேயே கை வைத்து வேலை பார்த்த நாட்கள், மிச்ச நாட்களில் அது யாருக்காகக் காத்திருந்தது.

கடைசி விஷயம்தான் முக்கியம். வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிராவில் தேடினால் பாதிதான் கிடைக்கும். அந்த வேலையைச் செய்தவரிடமே போய்க் கேளுங்கள். "ரிவ்யூவுக்கு வெயிட் பண்ணேன்", "அவங்க ஸ்பிரிண்ட்ல இடமில்லைன்னாங்க", "ஸ்டேஜிங் வேற டீம்கிட்ட இருந்துச்சு" என்று உண்மை வெளியே வரும். (ஸ்பிரிண்ட் என்பது டீம் முன்கூட்டியே திட்டமிட்டு வேலை முடிக்கும் குறுகிய காலம். ஸ்டேஜிங் என்பது வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் சர்வர்.) இதை யாரையும் குறை சொல்லும் கணக்காக ஆக்கிவிடாதீர்கள். ஆக்கினால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு மாதிரி பார்ப்போம். ஆன்லைனில் ஆம்னி பஸ் டிக்கெட் விற்கும் நிறுவனம், முப்பத்தைந்து எஞ்சினியர்கள். ஆப் டீம், வெப் டீம், பேக்எண்ட் (திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதி) டீம், டேட்டாபேஸ் டீம், டெஸ்டிங் டீம் என்று ஐந்தாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு நாள், ரத்துக் கட்டணத்தைப் பஸ் உரிமையாளரே நிர்ணயிக்கும் வசதி வேண்டும் என்று கோரிக்கை வருகிறது. இதுவரை எல்லா பஸ்ஸுக்கும் ஒரே கட்டணம்.

புதிய டேபிள் வேண்டும், அது டேட்டாபேஸ் டீம். கட்டணம் கணக்கிடும் விதி பேக்எண்டில். உரிமையாளர் கட்டணத்தைப் பதியும் பக்கம் வெப் டீமிடம். ரத்து செய்வதற்கு முன் பயணிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று காட்டும் திரை ஆப் டீமிடம். எல்லோருக்கும் இரண்டு வார ஸ்பிரிண்ட். முதல் ஸ்பிரிண்டில் டேபிள், இரண்டாவதில் பேக்எண்ட், மூன்றாவதில் வெப். ஆப் டீமுக்கு அந்த ஸ்பிரிண்டில் இடமில்லை, நான்காவதில்தான் எடுத்தார்கள். ஐந்தாவதில் டெஸ்டிங். மொத்த உழைப்பு எட்டு, பத்து நாள் இருக்கும். போய்ச் சேர்ந்தது பத்து வாரம் கழித்து. இதில் யாரும் சோம்பேறி இல்லை. ஒவ்வொரு டீமும் தன் ஸ்பிரிண்டைச் சரியாகத்தான் முடித்தது.

ஒரு மாற்றம் இப்படி ஐந்து டீமைத் தொட்டால் பரவாயில்லை. முப்பதில் இருபது அப்படி இருந்தால், உங்கள் டீம் எல்லை மாற்றங்கள் வரும் திசைக்குக் குறுக்கே போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள்

அடுத்தது, கோடு எங்கே போடுவது. இதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று மேலே எடுத்த முப்பது மாற்றங்கள். அவற்றை யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்று பிரித்து அடுக்குங்கள். இன்னொன்று, நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாறு. ஒரே மெர்ஜில் (ஒன்றாகச் சேர்க்கப்படும் மாற்றத் தொகுப்பில்) எந்தெந்தக் கோப்புகள் சேர்ந்து மாறுகின்றன என்று ஒரு வருடத்துக்கு எண்ணிப் பார்க்கலாம், சின்ன ஸ்கிரிப்ட் போதும். அடிக்கடி சேர்ந்து மாறுபவற்றை இரண்டு டீமுக்குப் பங்கிட்டுக் கொடுக்கவே கூடாது.

பஸ் நிறுவனத்தில் இப்படிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று கூட்டம் தெரியும். பயணி பஸ்ஸைத் தேடி இருக்கையைப் பார்ப்பது. முன்பதிவு, பணம், ரத்து, ரீஃபண்ட். மூன்றாவது, பஸ் உரிமையாளர்கள் தங்கள் நேரம், டிக்கெட் கட்டணம், இருக்கை அமைப்பைப் பதிவது. ஒவ்வொன்றிலும் கேட்பவர் வேறு, மாற்றம் வரும் வேகமும் வேறு. தேடல் பக்கத்தில் வாரா வாரம் ஏதாவது சோதித்துப் பார்ப்பார்கள். பணம் இருக்கும் இடத்தில் அப்படிச் செய்யக் கூடாது.

எல்லை சுத்தமாக விழாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும். இங்கே அது காலி இருக்கை எண்ணிக்கை. தேடலுக்கும் அது வேண்டும், முன்பதிவுக்கும் வேண்டும். இரண்டு டீமும் அதே டேபிளில் எழுத ஆரம்பித்தால் ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிடுவீர்கள். அதனால் இருக்கைக்கு உரிமை முன்பதிவு டீமுக்கு மட்டும். தேடல் டீம் சில விநாடிகள் பழைய நகல் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். "3 இருக்கைகள்" என்று காட்டியது உள்ளே போனதும் இரண்டாகியிருந்தால் பயணி கோபித்துக்கொள்ள மாட்டார், பணம் கட்டிய பிறகு இருக்கை இல்லை என்றால்தான் பிரச்சினை. கடைசிச் சரிபார்ப்பும் இருக்கையைப் பூட்டி வைப்பதும் முன்பதிவில்தான் நடக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு சிக்கலான தரவுக்கும், எழுதும் உரிமை யாருக்கு, நகல் எவ்வளவு பழசாக இருக்கலாம் என்று வாக்கியமாகவே எழுதி வையுங்கள். பிரிக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

படி 3: முதலில் கோட்பேஸுக்குள்ளேயே சுவர் எழுப்புங்கள்

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டுத் தனித்தனி சர்வீஸாக உடைக்கிறார்கள். எல்லை சரியா தவறா என்று இன்னும் தெரியாது. ஒரே கோட்பேஸுக்குள் எல்லை தவறாகப் போனால் ஒரு நாளில் கோப்பை நகர்த்திவிடலாம். இரண்டு சர்வீஸ், இரண்டு டேட்டாபேஸ் ஆன பிறகு தவறு தெரிந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆன்லைன் கடை நடத்த சாஃப்ட்வேர் தரும் ஷாப்பிஃபை இதற்கு நல்ல உதாரணம். 2020-இல் ரூபி மொழியில் எழுதிய அவர்களுடைய முக்கிய கோட்பேஸ் 28 லட்சம் வரிகளைத் தாண்டியிருந்தது. அதை நூற்றுக்கணக்கான சர்வீஸாக உடைக்காமல், உள்ளேயே தனித்தனிப் பகுதிகளாக, அதாவது மாட்யூல்களாகப் பிரித்தார்கள். ஒரு மாட்யூல் இன்னொன்றின் உள்விவகாரத்தில் கை வைத்தால் பிடித்துக்காட்ட பேக்வெர்க் என்ற கருவியைத் தாங்களே எழுதி, ஓப்பன் சோர்ஸாகவும் கொடுத்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: மூன்று மேல்நிலைக் கோப்புறைகள். ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்கள் ஒரே ஒரு கோப்பில் இருக்கட்டும். மற்றதை வெளியிலிருந்து இம்போர்ட் செய்தால் (எடுத்துப் பயன்படுத்தினால்) பில்ட் உடைய வேண்டும், அதாவது சாஃப்ட்வேர் உருவாகாமல் பிழை காட்ட வேண்டும். ஜாவாவுக்கு ஆர்க்யூனிட், பைத்தானுக்கு இம்போர்ட் லிண்டர் என்று அநேகமாக எல்லா மொழிக்கும் கருவி இருக்கிறது. வாயால் சொன்ன விதி ரிலீஸ் நெருக்கடி வந்ததும் பறந்துவிடும். பழைய மீறல்கள் ஆயிரம் இருந்தால் அவற்றை ஒரு பட்டியலில் போட்டு அப்படியே விடுங்கள், புதிதாக ஒன்று சேரக் கூடாது என்பது மட்டும் கறாராக இருக்கட்டும்.

டேபிள்களுக்கும் இதே கதை. ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு உரிமையாளர் மாட்யூல். வேறு மாட்யூலின் டேபிளோடு ஜாயின் போட்டு (இணைத்து) எழுதிய க்வெரிகளை (தரவு கேட்கும் கட்டளைகளை) தேடிப் பிடித்து, ஃபங்ஷன் அழைப்பாக மாற்றுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு யாரும் நிம்மதியாகப் பிரிந்ததில்லை.

படி 4: ஆட்களை மாற்றுங்கள், ஒவ்வொரு டீமாக

இப்போது மனிதர்கள். மூன்று டீமையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றாதீர்கள். முதலில் முன்பதிவும் பணமும் பார்க்கும் டீமை மட்டும் அமையுங்கள். ஆப், வெப், பேக்எண்ட், டேட்டாபேஸ், டெஸ்டிங் ஆட்கள் சேர்ந்து ஏழு, எட்டுப் பேர். ஒரு புராடக்ட் மேனேஜர். ரத்துக் கட்டணம் மாதிரி ஒரு மாற்றம் வந்தால் வேறு யாரையும் கேட்காமல் முடிக்கும் அளவுக்கு அந்த எட்டுப் பேருக்குள் திறமை இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஓடட்டும். படி 1-இன் கணக்கை அவர்களுக்கு மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் அடுத்த டீம்.

ஆட்களை மாற்றும்போது வரும் முதல் கேள்வி டெக்னாலஜி பற்றியதாக இருக்காது. "என் அப்ரைசலை இனி யார் போடுவார்?" என்பதாகத்தான் இருக்கும். டேட்டாபேஸ் டீமில் மூன்று வருடம் இருந்தவருக்கு, தன் வேலையைப் புரிந்துகொள்ளும் மேனேஜர் போய்விட்டால் தன் உழைப்பு யார் கண்ணுக்கும் தெரியாமல் போகும் என்ற பயம் நியாயமானது. இதற்குப் பதில் இல்லாமல் மாற்றத்தை அறிவிக்காதீர்கள். என் கருத்தில், தினசரி வேலையைப் பார்க்கும் டீம் லீடே மேனேஜராகவும் இருப்பது நல்லது. ஒரே தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் டீம் தாண்டி வாரம் ஒருமுறை கூடிப் பேசட்டும், அப்ரைசலின்போது அங்கிருக்கும் மூத்தவரின் கருத்தையும் மேனேஜர் கட்டாயம் கேட்கட்டும்.

பாட்டுச் சேவை நிறுவனமான ஸ்பாட்டிஃபை 2012-இல் வெளியிட்ட ஸ்குவாட் (சின்ன டீம்), டிரைப் (டீம்களின் கூட்டம்), சாப்டர் (ஒரே திறமை உள்ளவர்கள்), கில்டு (ஒரே ஆர்வம் உள்ளவர்கள்) அமைப்பை அப்படியே எடுத்து ஒட்டுகிற நிறுவனங்கள் நிறைய. அதை எழுதியவர்களே அது அப்போதைய நிலையைக் காட்டும் படம் மட்டும்தான் என்று சொல்லியிருந்தார்கள். அதில் இருக்கும், வேலைக்கு ஒரு தலைவர், அப்ரைசலுக்கு வேறொரு தலைவர் என்ற ஏற்பாடு, இரண்டு பேரும் ஒத்துப்போகும்வரைதான் நன்றாக ஓடும்.

சாஃப்ட்வேரில் கோளாறு என்று ராத்திரி அலாரம் அடித்தால் யார் எழுந்திருப்பது? அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் 2006-இலேயே, கட்டியவர்களே ஓட்டவும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கொள்கை சரி, கணக்கும் பார்க்க வேண்டும். ஒரே ஊரில் இருக்கும் டீம் ஆளை வதைக்காமல் ஆன்கால் (அலாரம் அடித்தால் கவனிக்கும் முறைவேலை) பார்க்கக் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும் என்பது கூகுளின் எஸ்ஆர்இ (சேவைகள் தடையின்றி ஓடுவதைப் பார்க்கும் பிரிவு) பரிந்துரை. ஐந்து பேர் டீமை வைத்துக்கொண்டு முழு ஆன்கால் கொடுத்தால் ஆறு மாதத்தில் ராஜினாமா கடிதம் வரும். சின்ன டீம்கள் இரண்டு சேர்ந்து இரவைப் பகிர்ந்துகொள்ளட்டும். ஆனால் காலையில் அந்தக் கோளாறைச் சரிசெய்யும் பொறுப்பு உரிமையாளர் டீமுக்குத்தான்.

படி 5: தனி சர்வீஸ், காரணம் இருந்தால் மட்டும்

சுவர் நிலைத்த பிறகுதான் தனி சர்வீஸ் பற்றிப் பேச வேண்டும். நியாயமான காரணங்கள் சிலதான். தேடலுக்குப் பண்டிகை நேரத்தில் பத்து மடங்கு டிராஃபிக் வருகிறது, முன்பதிவுக்கு அவ்வளவு வராது. அல்லது ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது சட்டம், பாதுகாப்பு. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் வணிகத் தளங்கள் கார்டு விவரங்களைத் தங்களிடம் சேமிக்கக் கூடாது, கார்டு எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம். பணம் சம்பந்தப்பட்ட நிரலைத் தனியே ஒதுக்கி, அதைத் தொடக்கூடியவர்களைக் குறைப்பது அங்கே அர்த்தமுள்ள வேலை. "மாடர்னாக இருக்கும்" என்பது காரணமில்லை.

காரணமில்லாமல் உடைத்தவர்களும், அளவு மீறி உடைத்தவர்களும் திரும்பி வந்த கதைகள் பொதுவெளியில் இருக்கின்றன. பயனர் தரவைத் திரட்டும் செக்மெண்ட் நிறுவனம் 140-க்கும் மேற்பட்ட சர்வீஸ்களாக உடைத்ததை ஒன்றாகச் சேர்த்துவிட்டதாக 2018-இல் எழுதியது. 2023-இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு கண்காணிப்பு டீம், சிதறிக் கிடந்த தன் அமைப்பை ஒரே புராசஸாக (ஒன்றாக ஓடும் ஒரே புரோகிராமாக) மாற்றிச் செலவில் 90 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. ஊபரிடம் 2020-இல் சுமார் 2,200 முக்கிய மைக்ரோசர்வீஸ்கள் இருந்தன. அவற்றை 70 களங்களாக (தொடர்புள்ள சர்வீஸ்களின் தொகுதிகளாக) கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் எஞ்சினியர்கள் இருக்கும் இடத்திலேயே கடைசியில் தேவைப்பட்டது மாட்யூல் எல்லைதான் என்பதைக் கவனியுங்கள்.

பிரிப்பதென்று முடிவாகிவிட்டால், கஷ்டம் நிரலில் இல்லை, டேட்டாபேஸில். பணத்தை வெளியே எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். படி 3-ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் பணத்தின் டேபிள்களை வேறு யாரும் நேரடியாகத் தொட மாட்டார்கள். முதலில் அதே டேட்டாபேஸ் சர்வரிலேயே அந்த டேபிள்களைத் தனி ஸ்கீமாவுக்கு (டேபிள்களின் தனித் தொகுதிக்கு) நகர்த்தி, அதற்குத் தனி யூசர் கொடுங்கள். மறைந்திருந்த க்வெரி ஏதாவது இருந்தால் இங்கேயே பெர்மிஷன் பிழையாக மாட்டும். ஸ்டேஜிங்கில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புரொடக்‌ஷன். அடுத்து, முன்பதிவும் பணமும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் கமிட் ஆகும் (இரண்டும் சேர்ந்தே நடக்கும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்காது) இடங்களைத் தேடுங்கள். பிரிந்த பிறகு அந்த வசதி கிடைக்காது. பணம் போய் இருக்கை உறுதியாகவில்லை என்றால் என்ன நடக்கும், எத்தனை நிமிடத்தில் தானாக ரீஃபண்ட் ஆகும், ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் இரண்டாவதை எப்படி அடையாளம் கண்டு ஒதுக்குவது என்பதையெல்லாம் இன்னும் ஒரே புராசஸாக இருக்கும்போதே எழுதி, ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு ஃபங்ஷன் அழைப்பை நெட்வொர்க் அழைப்பாக மாற்றி, நூறில் ஒரு பயணிக்கு மட்டும் திறந்து, ரீகன்சிலியேஷன் கணக்கு (வந்த பணமும் பதிவான முன்பதிவும் ஒத்துப்போகிறதா என்ற சரிபார்ப்பு) ஒவ்வொரு நாளும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே கூட்டலாம். டேட்டாபேஸைத் தனி சர்வருக்கு மாற்றுவதே கடைசி வேலை.

படி 6: பிளாட்ஃபார்ம் டீம்

நான்கைந்து டீம் வந்ததும் எல்லோரும் ஒரே டெப்ளாய் (சர்வரில் ஏற்றும்) ஸ்கிரிப்டைத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பார்கள். அப்போது மூன்று நான்கு பேரை வைத்து, எல்லா டீமுக்கும் பொதுவான கருவிகளைக் கட்டித் தரும் பிளாட்ஃபார்ம் டீம் தொடங்கலாம், அதற்கு முன் வேண்டாம். மாத்யூ ஸ்கெல்டன், மானுவல் பைஸ் இருவரும் 2019-இல் 'டீம் டோபாலஜீஸ்' நூலில் முன்வைத்த டீம் வகைகளில், மற்ற டீம்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய சுமையைக் குறைப்பதுதான் பிளாட்ஃபார்ம் டீமின் வேலை. சோதனை எளிது. புது டேட்டாபேஸ் வேண்டும் என்றால் எஞ்சினியர் தானே ஒரு கட்டளை ஓட்டி எடுத்துக்கொள்ள முடிகிறதா, கோரிக்கை எழுதிப்போட்டுக் காத்திருக்கிறாரா? காத்திருந்தால் பழைய டேட்டாபேஸ் டீமைப் புதுப் பெயரில் திரும்பக் கட்டியிருக்கிறீர்கள்.

படி 7: இரண்டு நாட்டில் டீம் இருந்தால்

சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பலருக்கு இது அன்றாட விஷயம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் வித்தியாசம். டிசைன் அங்கே, கோடிங் இங்கே, ரிவ்யூ அங்கே என்று பிரித்தால் ஒரு சந்தேகத்துக்குப் பதில் வர ஒரு நாள். இரண்டு சந்தேகம் வந்தால் வாரத்தில் பாதி காலி. எத்தனை ராத்திரி மீட்டிங் போட்டாலும் இது தீராது, மனிதர்கள்தான் களைத்துப் போவார்கள்.

ஒரு மாட்யூலை முழுசாக ஒரு ஊருக்குக் கொடுப்பதே வழி. என்ன செய்வது என்ற முடிவு, புராடக்ட் மேனேஜர், ரிலீஸ் அனுமதி, ஆன்கால் எல்லாம் அதே ஊரில். "இங்கே இருப்பவர்களுக்கு இன்னும் அனுபவம் போதாது" என்று தலைமை தயங்கினால், மூத்தவர் ஒருவரை மூன்று மாதம் இங்கே அனுப்பிக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். முடிவெடுக்கும் உரிமையே கொடுக்காத டீமுக்கு அனுபவம் எங்கிருந்து வரும்?

படி 8: ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளப்பது

படி 1-இன் ஸ்ப்ரெட்ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக முப்பது மாற்றங்களை எடுத்து அதே நான்கு விஷயங்களையும் நிரப்புங்கள். பெரும்பாலானவை ஒரே டீமுக்குள் முடிந்தால் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றி அமைத்தலுக்கும் சில மாத வேகத்தை விலையாகக் கொடுக்கிறீர்கள், புது வைஸ் பிரசிடெண்ட் வந்தார் என்பதற்காக அதைக் கொடுக்கக் கூடாது.

குறிப்பிட்ட இரண்டு டீம்களின் பெயர் திரும்பத் திரும்ப ஒன்றாக வந்தால், அவற்றின் நடுவே இருக்கும் எல்லை தவறு. இன்னொரு ஏபிஐ (சாஃப்ட்வேர்கள் தங்களுக்குள் பேசும் வாசல்), இன்னொரு வாராந்திர மீட்டிங் என்று ஒட்டுப்போடாமல் அந்த இரண்டையும் சேர்த்துவிடுங்கள். ஆட்கள் பன்னிரண்டைத் தாண்டினால், சேர்ந்து ஓர் ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு வேறு கோட்டில் பிரிக்கலாம். சேர்த்த வாரத்திலேயே ரெப்போ (நிரல் சேமிப்பிடம்) உரிமை, அலர்ட், ஸ்லாக் சேனல், ஆன்கால் பட்டியல் எல்லாவற்றையும் புது டீமின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். கலைந்துபோன டீமின் பெயரில் ஓர் அலர்ட் மிச்சமிருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு அது அடிக்கும்போது எடுக்க ஆள் இருக்காது.